நாசி நுட்பம்

பாலவாக்கத்துக் கடற்கரையோர மாளிகைகளில் வசிக்கும் ரசிக சிரோன்மணிகள் சிலர், ஸ்காட்லாந்தின் ஐலா தீவிலிருந்து வந்த சிங்கிள் மால்ட் விஸ்கியைக் கண்ணாடிக் கிண்ணத்தில் வார்த்து, நாசியை அதனுள் நுழைத்து, கண்களை மூடி, உப்புக்காற்றும் கடற்பாசியும் புகையும் கமழ்வதாகப் பரவசத்துடன் பிரகடனம் செய்கிறார்கள். அதே உப்புக்காற்றும் பாசியும் புகையும் அடுத்த குப்பத்திலிருந்து இலவசமாக வந்துவிடக்கூடாதே என்று ஜன்னல்களை இறுகச் சாத்திவிட்டுத்தான் இந்த ஆராய்ச்சியில் அமர்கிறார்கள்.

மதிப்பெண் இடுவதற்கும் சாஸ்திரம் உண்டு. மணம், சுவை, முடிவு, சமநிலை என நான்குக்கும் தலா 25 வகுத்த ஜிம் மர்ரே என்ற ஆங்கிலேயர், தமது நூலின் 2010ஆம் ஆண்டுப் பதிப்பில் பெங்களூரின் அம்ருத் ஃபியூஷனுக்கு 97 வழங்கி, உலகில் மூன்றாம் ஸ்தானத்தில் அமர்த்தினார். அதுகாறும் பெங்களூர்ச் சரக்கென்றால் முகஞ்சுளித்த நம் ரசிகர்களின் நாவில், அதன் சூட்சும குணங்கள் யாவும் மறுநாளே பிரத்தியட்சமாயின. அம்ருத்தும் விஷயம் தெரிந்தோரே; தங்கள் சிங்கிள் மால்ட்டை 2004இல் முதன்முதலாக அரங்கேற்றியது பெங்களூரில் அன்று, கிளாஸ்கோவில்!

பாமர மகாஜனங்களுக்கு இத்தகைய சிரமங்கள் இல்லை. தமிழ்நாட்டில் 2003 முதல் சில்லறை மது வியாபாரம் அரசின் டாஸ்மாக் வசமே இருக்கிறபடியால், வரிசையில் நிற்கும் அவர்கள் கவனிக்கும் எண் விலை ஒன்றே.