பட்டத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்ளக் கோரும் விண்ணப்பம்

அனுப்புநர்: முன்னாள் மாணவனின் இந்நாள் கடன்காரத் தந்தை
பெறுநர்: தாளாளர், சுயநிதிப் பொறியியல் கல்லூரி, புறவழிச்சாலை
பொருள்: பி.இ. பட்டத்தைத் திருப்பி எடுத்துக்கொள்ளக் கோருதல் – சார்பு.

கல்வித் தந்தை அவர்களுக்கு,

1980-களில் எம்.ஜி.ஆர். ஆட்சியில் சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளுக்குக் கதவு திறந்திராவிட்டால், என் மகன் வெறும் பிளஸ் டூவோடு டெலிவரி வேலைக்குப் போயிருப்பான். இப்போது பி.இ. முடித்துவிட்டுப் போகிறான். அந்த வித்தியாசத்துக்கு நான் கொடுத்த விலையைப் பற்றியதே இக்கடிதம்.

கட்டண நிர்ணயக் குழு ஒரு தொகை சொன்னது. தங்கள் கேஷ் கவுண்டர் இன்னொன்று சொன்னது. வீடு கல்லூரிக்கு எதிர்த் தெருவில்தான். இருந்தும் பஸ் கட்டணம் கட்டாயம். டை கட்டாததற்கு அபராதம், பிளேஸ்மென்ட் பயிற்சிக்குத் தனி வசூல், கட்டட நிதிக்குத் துண்டுச்சீட்டு. முறையான ரசீது கேட்டதற்கு, “நம்பிக்கை இல்லையா சார்?” என்றார் காசாளர்.

வங்கிக்கு அந்த நம்பிக்கை இருந்தது. கல்விக் கடனுக்கு 4 லட்சம் வரை சொத்து ஜாமீன்கூடக் கேட்கவில்லை. படிப்பு முடிந்த ஓராண்டுக்குப் பின் தவணை கட்டினால் போதும் என்றார்கள். அதற்குள் வேலை கிடைத்துவிடும் என்று கணக்குப் போட்டவர்கள், பாவம், தங்கள் கல்லூரியைப் பார்த்ததில்லை.

மகனின் துறைப் பேராசிரியர் ஒருவரை ஆய்வுக் குழு வரும் நாளில் மட்டும் தரிசிக்கலாம். ஒரே ஆள் பத்துக்கும் மேற்பட்ட கல்லூரிகளில் முழுநேர ஆசிரியராகக் கணக்கில் இருக்கும் அதிசயத்தை 2024-ல் அறப்போர் இயக்கம் வெளியிட்ட பிறகுதான் எனக்கு விளங்கியது. அவருக்கு எத்தனை பஸ் கட்டணமோ!

படிப்பே வீண் என்று சொல்ல வரவில்லை. என் தங்கை மகன் அரசுக் கல்லூரியில் குறைந்த செலவில் படித்து, வேலைக்கும் போய்விட்டான். அவன் சான்றிதழிலும் அண்ணா பல்கலைக்கழக முத்திரைதான். ஆனால் அவனுக்கு வகுப்பில் ஆசிரியர் இருந்தார்.

என் மகனுக்கும் ஆஃபர் லெட்டர் வந்தது. சேரும் தேதிதான் வரவில்லை. தங்கள் நுழைவாயில் ஃபிளெக்ஸில் ‘100% பிளேஸ்மென்ட்’ வாசகத்துக்குக் கீழே அவன் இன்னமும் சிரித்துக்கொண்டிருக்கிறான். சரி, அரசு வேலைக்கு எழுது என்றேன். 2018 குரூப் 4 தேர்வில் 9,351 இடங்களுக்குச் சுமார் 20 லட்சம் பேர் விண்ணப்பித்த கதையைச் சொன்னான். தகுதி பத்தாம் வகுப்பு, வரிசையில் இன்ஜினியர்கள். அதற்கு மேல் நான் படிக்கவைத்த ஆறு ஆண்டுகள் போனஸ்.

பழைய குக்கரைக் கொடுத்தால்கூடக் கடைக்காரர் ஏதோ கழித்துக்கொள்கிறார். எனவே பட்டத்தை எடுத்துக்கொண்டு பாதிக் கட்டணத்தைத் தாருங்கள். ஏறாத பஸ்ஸுக்கு முழுத் தொகை.

முடியாதென்றால், இனி சேரும் பிள்ளைகளிடமாவது பாதிக் கட்டணத்தை இப்போதும், மீதியை வேலை கிடைத்த பிறகு சம்பளத்திலும் வாங்குங்கள். எல்லோருக்கும் வேலை நிச்சயம் என்று தாங்களே அச்சடித்திருப்பதால் ஒரு பைசா நஷ்டம் வராது. நம்பிக்கை இல்லையா சார்?

இப்படிக்கு,
தவணை தவறாத தந்தை

பின்குறிப்பு: என் மகளுக்கு சீட் தருவதாகத் தங்கள் அட்மிஷன் பிரிவிலிருந்து நேற்று போன் வந்தது. பேசியவன் என் மகனோடு படித்த பையன். அவனுக்கு வேலை கொடுத்திருக்கிறீர்கள். ஆள் சேர்த்தால்தான் சம்பளமாம்.