லைட்டா எடிட்டிங்: ஒரு சொல்லாராய்ச்சி

“சும்மா லைட்டா எடிட்டிங் பண்ணத்தான் மாமா” என்னும் தொடரின் பொருளை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். சொன்னவன் லேப்டாப் வாங்க வந்த என் அக்கா மகன். சொன்ன இடம் ஹைதராபாத், அமீர்பேட் மெட்ரோ நிலையப் படிக்கட்டு. அவன் பையில் 60,000 ரூபாயும் என் கையில் மிளகாய் பஜ்ஜியும் இருந்த மாலைப் பொழுது. நிலமும் பொழுதுமே முதற்பொருள் என்பது தொல்காப்பியர் கொள்கை ஆதலின் இவற்றை முதலில் பதிவு செய்கிறேன்.

கருப்பொருளுக்குப் பஞ்சமில்லை. ஜாவா, ஆரக்கிள், சாப் என்று பலகை தொங்காத சுவர் அங்கே அபூர்வம். மைத்ரிவனத்திலிருந்து ஆதித்யா என்கிளேவ் வரை நடப்பதற்குள் கைநிறையத் துண்டுப் பிரசுரம் சேர்ந்துவிடும். லேப்டாப் பற்றிக் கருத்துச் சொல்லாதவர் இட்லி வண்டிக்காரர் ஒருவரே. அவரிடமும் நாங்கள் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

‘லைட்’ என்ற சொல்லுக்கு மூன்று உரை உண்டு. எடை குறைந்தது என்பது கடைக்காரர் உரை. மேக்புக் ஏரை இரண்டு விரலால் தூக்கிக் காட்டி நிறுவினார். வேலை குறைந்தது என்பது மருமகன் உரை. மூன்றாவது ஹைதராபாத்துக்கே உரியது: ‘லைட் தீஸ்கோ’, அதாவது கண்டுகொள்ளாதே, விட்டுத்தள்ளு. திரையின் நிறம் பற்றி நான் கேட்டபோது கடைக்காரர் இந்த உரைக்குத் தாவினார்: “லைட் தீஸ்கோ அன்னா.”

மருமகன் உரையைச் சோதிப்போம். கைபேசியில் எடுத்த 4கே வீடியோ. ஒரு சட்டகத்தில் 3840 பெருக்கல் 2160 புள்ளிகள், புள்ளிக்கு நான்கு பைட். ஆக 33 எம்பி. நொடிக்கு 30 சட்டகம் என்றால் கிட்டத்தட்ட 1 ஜிபி. ‘கோப்பு அவ்வளவு பெரிதில்லையே?’ என்பாருக்கு விடை: வடாமும் டப்பாவில் கைப்பிடிதான், எண்ணெயில் போட்டபின் தாம்பாளம் போதாது. அந்தத் தாம்பாளமே ரேம். பிரீமியர் புரோவுக்கு எச்டி என்றால் 16 ஜிபியும், 4கே என்றால் 32 ஜிபியும் அடோபியின் பரிந்துரை. 8 ஜிபியில் விண்டோஸும் குரோமும் உட்கார்ந்ததுபோக மிஞ்சுவது ஓரம்தான். எனவே 8 ஜிபியின் திணை முல்லை. உரிப்பொருள் இருத்தல், அதாவது எக்ஸ்போர்ட் முடியும்வரை காத்திருத்தல்.

அடுத்தது விகுதி. ஐ5 1235யூ, ஐ5 12450எச். இரண்டும் 12ஆம் தலைமுறை. யூவில் 10 கோர், எச்சில் 8 கோர். பத்துதானே பெரிது என்று மருமகன் கணக்குப் போட்டான். யூவின் பத்தில் எட்டு சிக்கனக் கோர், வலுவானவை இரண்டே. எச்சில் வலுவானவை நான்கு. அடிப்படை மின்செலவும் முன்னதற்கு 15 வாட், பின்னதற்கு 45 வாட். எண்ணைப் பார்த்து ஏமாறாமல் ஈற்றெழுத்தைப் பார்க்கவேண்டும் என்பதை நன்னூல் படித்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மேக்புக் ஏர் எம்1க்கு விசிறியே கிடையாது. நீண்ட எக்ஸ்போர்ட்டில் சூடேறி வேகம் குறையும். ரேமைப் பிறகு கூட்டவும் முடியாது.

இங்கே ஆய்வு முடிந்து எச்சே வென்றிருக்கும். ஆனால் நான் பென் டிரைவை எடுத்தேன். அக்கா சேலத்தில் வீட்டிலிருந்தபடியே பட்டுச்சேலை விற்கிறாள். எடிட்டிங் என்பது அந்தச் சேலைகளின் படமும் 30 நொடி ரீல்ஸும்தான். அரக்குச் சேலைப் படம் ஒன்றை இரண்டு மாடலிலும் திறக்கச் சொன்னேன். யூவின் திரையில் அரக்கு அரக்காகவே இருந்தது. எச்சின் திரையில் அது மழையில் நனைந்த செங்கல். பெட்டியைப் புரட்டினால் பொடி எழுத்தில் ‘45 சதவீதம் என்டிஎஸ்சி’. என்டிஎஸ்சி என்பது 1953இல் அமெரிக்கக் கலர் டிவிக்காக வகுத்த நிறக்கணக்கு. அதில் 45 என்றால், இணையத்துக்குப் பொதுவான எஸ்ஆர்ஜிபி நிறங்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான் தெரியும். அந்தத் திரையை நம்பி நிறத்தைத் திருத்தி அனுப்பினால் சேலை திரும்பி வரும், கூரியர் செலவு அக்கா தலையில்.

நீல வழித்தடத்தில் பாரடைஸ் வரை போய் செனாய் டிரேட் சென்டரிலும் ஒப்பாய்வு செய்தோம். செங்கல் அங்கேயும் செங்கல்தான். 30 நொடி ரீலுக்கு யூ தாராளம். 16 ஜிபி ரேமோடு அதையே வாங்கினான்.

மறுமாதம் அவன் சித்தப்பா கிரகப்பிரவேச வீடியோவோடு வந்தார். 4கே, இரண்டு மணி நேரம், “லைட்டா எடிட் பண்ணிக் குடுப்பா.” ப்ராக்ஸி என்று சிறிய நகல்களை உருவாக்கி வெட்டலாம். மருமகன் இரண்டு இரவு அதைத்தான் செய்தான்.

அமீர்பேட்டுக்குப் போகிறவர்கள் பென் டிரைவில் ஒரு சேலைப் படம் எடுத்துப் போங்கள். பஜ்ஜி தின்ற கையைத் துடைத்துவிட்டுக் கீபோர்டைத் தொடுங்கள்.