தராசுக்கு இரண்டு நாள்

2014-ஆம் ஆண்டின் தெருவோர வியாபாரிகள் சட்டத்தில் தனிப் பிரிவே இருக்கிறது, 27. சான்றிதழோடு விதிப்படி விற்பவரைப் போலீஸார் உட்பட யாரும் தடுக்கக்கூடாதாம். பறிமுதலான பழம், காய்கறியைக் கேட்ட அன்றே திருப்பித் தரவேண்டும் என்கிறது பிரிவு 19. கொய்யாப்பழத்தின் ஆயுளைக்கூட யோசித்த சட்டம்!

லத்திக்குத்தான் வாசிக்க நேரமில்லை.

2022 டிசம்பரில் கான்பூரின் கல்யாண்பூர் பகுதியில், ரயில் பாதையருகே காய்கறி விற்ற இளைஞர் ஒருவரை விரட்ட வந்த ஏட்டையா, தராசைத் தூக்கித் தண்டவாளத்தில் வீசினார் என்றார்கள் பார்த்தவர்கள். தராசில்லாமல் மறுநாள் பிழைப்பேது? எடுக்க ஓடினார். ரயில் வந்தது. இரண்டு கால்களும் போயின.

ஏட்டையா சஸ்பெண்ட் ஆனார். அழுகாத பொருளைத் திருப்பித் தரவும் சட்டத்தில் கெடு உண்டு: கேட்டதிலிருந்து இரண்டு வேலை நாள். தராசு அழுகாது.