214 இலைக் கணக்கு

ஸ்ரீரங்கம் அம்மா மண்டபம் ரோட்டில் ஒரு மாடி அறை. அதில் உட்கார்ந்து லோகோ, கல்யாணப் பத்திரிகை, ஊறுகாய் பாட்டில் லேபிள் எல்லாம் வடிவமைத்துக் கொடுத்துப் பிழைக்கிறேன். விசிட்டிங் கார்டில் ‘ஃப்ரீலான்ஸ் டிசைனர்’ என்று இருக்கும். அம்மா அதை அக்கம்பக்கத்தில் ‘வீட்லயேதான் இருக்கான்’ என்று மொழிபெயர்த்து வைத்திருக்கிறாள்.

பொங்கலுக்கு முன்னால் 214 பேருக்கு ஒரு மெயில் அனுப்பினேன். முகவரிகளை ‘பிசிசி’யில் போட வேண்டியவன் ‘சிசி’யில் போட்டு, எல்லோருக்கும் எல்லோரையும் காட்டிவிட்டேன். தில்லைநகர் பேக்கரிக்காரர் எல்லோருக்கும் சேர்த்தே பதில் போட்டார்: “தம்பி, லோகோவுக்கு இப்பவும் அதே 8,000தானா?” காந்தி மார்க்கெட் மசாலாக் கடைக்காரரும் எல்லோருக்கும் சேர்த்தே போட்டார்: “எட்டா? என்கிட்ட பன்னெண்டு வாங்கினீங்களே!”

எனக்கு ஒரே ஆறுதல் கேரி துர்க். 1978 மே 3 அன்று, இன்டர்நெட்டுக்கு முன்னோடியான அர்ப்பாநெட்டில், தன் கம்பெனி கம்ப்யூட்டரை விற்க ஏறக்குறைய 400 பேருக்கு ஒரே மெயிலை அனுப்பிய புண்ணியவான். உலகத்தின் முதல் ஸ்பாம் அதுதான் என்கிறார்கள். அவருக்கும் முகவரிகள் இடம் கொள்ளாமல் மெயிலுக்குள்ளேயே வழிந்துவிட்டனவாம். பெரியவர்கள் போட்ட பாதை.

“மொத்தமா மெயில் அனுப்பறதுக்குன்னே சர்வீஸ் இருக்குடா” என்றான் நண்பன். மூன்று வாரம் தேடினேன். முதலில் மெயில்சிம்ப். அட்லாண்டாவில் என்னைப் போலவே டிசைன் தொழில் செய்தவர்கள் 2001-இல் பக்கத் தொழிலாகத் தொடங்கியது. 2021-இல் அதை இன்ட்யூட் நிறுவனம் சுமார் 1,200 கோடி டாலருக்கு வாங்கியது. படித்த அன்று எனக்கு வேலை ஓடவில்லை. எனக்கும் பக்கத் தொழில் உண்டு, ரேஷன் வாங்குவது. அதை யாரும் விலைக்குக் கேட்கவில்லை. திரையில் அவர்களுடைய குரங்குப் படத்தைப் பார்த்த அம்மா, “ஆஞ்சநேயரா? தூது போறதுக்கு அவரை விட்டா யாரு?” என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

விலைப்பட்டியல்தான் தலையைச் சுற்றியது. சமையல் கான்ட்ராக்டரை வைத்துப் புரிந்துகொண்டேன். பட்டியலில் எத்தனை தலை என்று எண்ணிக் காசு வாங்குவது ஒரு ரகம். பிரெவோ என்கிற சர்வீஸ் மாதிரி, எத்தனை இலை விழுந்தது, அதாவது எத்தனை மெயில் போயிற்று என்று எண்ணுவது இன்னொரு ரகம். பந்தியில் உட்காராமல் கோபித்துக்கொண்டு போன மாமாவையும் தலைக்கணக்கில் சேர்க்கிற இடங்களும் உண்டு. சென்னை ஸோஹோவைப் பார்த்தேன். லித்துவேனியாவில் தொடங்கிய மெயிலர்லைட்டைப் பார்த்தேன். லித்துவேனியா எங்கே இருக்கிறது என்று மேப்பில் தேடியதில் ஒரு சாயங்காலம் போயிற்று. கடைசியில் ஒன்றைப் பிடித்தேன். பெயர் எதற்கு?

பட்டியலை அம்மாவிடம் காட்டியது தவறு. “சொந்தக்காரங்களை விட்டுட்டா என்ன நினைப்பாங்க?” என்று 61 பேரைச் சேர்க்க வைத்தாள். எங்கள் பூர்விகம் புதுக்கோட்டைப் பக்கம். மொய் நோட்டு பரணில் பத்திரமாக இருக்கிறது, முகவரிக்குப் பஞ்சமில்லை. ஆனால் மாதாமாதம் அனுப்பப்போகும் மடலின் அடியில் ‘விலகிக்கொள்ள இங்கே அழுத்தவும்’ என்றிருந்ததைப் பார்த்து அதிர்ந்துபோனாள். “எந்த வீட்டு வாசல்லடா போறவன் போலாம்னு எழுதி வைப்பாங்க?” 2024-இலிருந்து, ஆயிரக்கணக்கில் அனுப்புகிறவர்கள் ஒரே அழுத்தில் விலக வழி வைத்தாக வேண்டும் என்று ஜிமெயிலும் யாஹூவும் கண்டிப்பாகச் சொல்லிவிட்டன என்றேன். “அவங்களுக்கு அக்கா தங்கச்சி இல்ல போலிருக்கு” என்றாள்.

சர்வீஸ்காரர்கள் வீட்டு முகவரியையும் கேட்டார்கள். வியாபார மெயிலில் அனுப்புகிறவரின் தபால் முகவரி இருக்க வேண்டும் என்று அமெரிக்காவில் 2003-இல் சட்டம் போட்டார்களாம். கதவு எண்ணோடு போட்டேன். மடலில் இருந்த என் டிசைன் லிங்க்கை அழுத்தியவர்கள் நான்கு பேர். ஆடிப்பெருக்கன்று காவிரியில் முழுகிவிட்டு, முகவரியைக் கையில் வைத்துக்கொண்டு ஈரத்துணி மாற்ற எங்கள் வீட்டுக்கு வந்தவர்கள் பதினோரு பேர். மார்க்கெட்டிங் மொழியில் இதற்கு என்ன பெயரோ, அன்றைக்கு அம்மா மூன்று தடவை புளியோதரை கிளறினாள்.

உண்மையான வினை, யார் எப்போது மெயிலைத் திறந்தார் என்று காட்டும் பக்கம்தான். அதை அம்மா பார்த்துவிட்டாள். காலை காபிக்கு அப்புறம் கண்ணாடி போட்டுக்கொண்டு என் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துவிடுவாள். “பெரியப்பா மூணு தடவை திறந்திருக்காரு, ஒரு வார்த்தை பேசல பாரு.” டல்லாஸில் இருக்கும் தன் தம்பி மீது மட்டும் உருகுவாள். “இங்க பதினொன்றரைக்கு அனுப்பினே, அடுத்த நிமிஷமே திறந்துட்டான். அங்க ராத்திரி ஒரு மணிடா! தூங்காம காத்திருக்கான்.” உறையூர் சித்தி பெயருக்கு எதிரே மட்டும் மாதாமாதம் பூஜ்யம். “கூடப் பொறந்தவ” என்பதோடு நிறுத்திக்கொள்வாள். அந்த நிறுத்தத்தில் ஒரு மகாபாரதம் இருக்கும்.

நான் துருவிப் பார்த்தேன். மெயிலுக்குள் கண்ணுக்குத் தெரியாத ஒரு புள்ளிப் படம் இருக்கிறது. அந்தப் படம் இறங்கினால் ‘திறந்தார்’ என்று கணக்கு. 2021 முதல் ஆப்பிள் தன் மெயில் செயலியில், ஆள் திறந்தாலும் திறக்காவிட்டாலும் படங்களை முன்கூட்டியே இறக்கி வைத்துவிடும் வசதியைக் கொடுத்திருக்கிறது. டல்லாஸ் மாமாவிடம் இருப்பது ஐபோன். அவர் நன்றாகத்தான் தூங்கிக்கொண்டிருந்திருக்கிறார்.

அந்த வாரமே சித்தி வந்தாள். ஓய்வுபெற்ற தமிழாசிரியை. பையை வைப்பதற்குள், “மூணாவது பத்தியில ‘கைத்தேர்ந்த’ன்னு எழுதியிருக்கியேடா. ‘கைதேர்ந்த’. அங்க ஒற்று மிகாது” என்றாள். அவள் போனை வாங்கிப் பார்த்தேன். டேட்டா தீராமலிருக்க மெயிலில் படங்களை நிறுத்தி வைத்திருக்கிறாள். ஒரு எழுத்து விடாமல் படித்தவளுக்குத்தான் பூஜ்யம் போட்டிருக்கிறது மெஷின்.

எங்கள் ஸ்ரீரங்கம் கோயிலில் தாயார் சந்நிதிக்கு எதிரே, கம்பன் ராமாயணத்தை அரங்கேற்றியதாகச் சொல்லும் மண்டபம் இருக்கிறது. பண்டிதர்கள் ஆட்சேபித்தபோது நரசிம்மரான மேட்டழகிய சிங்கர் தலையசைத்து ஆமோதித்தார் என்பது கதை. கம்பனுக்கே ஒரு தலையசைப்பு போதுமாக இருந்திருக்கிறது. மொய் நோட்டிலும் வந்து செய்தவர் கணக்குத்தான் உண்டு. பத்திரிகையைப் பிரித்துப் பார்த்தவர் கணக்கு எந்த நோட்டிலும் இல்லை. எந்த சர்வீஸ் நல்லது என்று இப்போது யாராவது கேட்டால், திறந்தவர் கணக்கை அணைத்து வைக்க முடிகிறதா என்று பார்க்கச் சொல்கிறேன். நான் அணைத்துவிட்டேன். இப்போது பதில் போட்டவர்களை மட்டும் எண்ணுகிறேன். போன மாதம் மூன்று. அதில் ஒன்று சித்தி, சந்திப்பிழை.

டல்லாஸ் மாமாவுக்கு அம்மா இரண்டு கிலோ முறுக்கு சுற்றி, கூரியரில் அனுப்பினாள். ஐபோன் விஷயத்தை நான் அவளிடம் இன்னும் சொல்லவில்லை.