ஒழுகட்டும், விடுங்கள்!

கேள்வி: டொரான்டோவில் மகள் வீடு வாங்கியிருக்கிறாள். குளிரில் தண்ணீர்க் குழாய் வெடித்துவிடும் என்கிறாளே, நிஜமா?
– வாசகி, கரமனை, திருவனந்தபுரம்

பதில்: நிஜம்தான். தண்ணீர் உறையும்போது ஏறக்குறைய 9 சதவீதம் பெருக்கும். அந்த அழுத்தத்துக்குச் செம்புக் குழாயே பிளந்துவிடும். மொட்டைமாடித் தொட்டி வெயிலில் கொதிக்கும் கரமனையில் இதை நம்புவது கடினம். ஆனால் நம் மூணாறிலேயே ஜனவரியில் புல்லின்மேல் உறைபனி படிகிறதே!

வெளிச்சுவரை ஒட்டி வரும் குழாய்களுக்கு நுரை உறை மாட்டச் சொல்லுங்கள். தோட்டக் குழாயின் வால்வைக் குளிருக்கு முன்பே உள்ளிருந்து மூடி, மிச்சத் தண்ணீரை வடித்துவிட வேண்டும். ஒழுகும் குழாயை மூடு என்று சொல்லி வளர்த்திருப்பீர்கள். கடுங்குளிர் இரவில் அவள் அதை மெல்ல ஒழுக விடட்டும், ஓடும் நீர் எளிதில் உறையாது. உங்களைப் பார்க்க வரும்போதும் வீட்டு ஹீட்டரை அணைத்துவிட்டு வரவேண்டாம்.