முடித்துக்கொண்டிருப்பவர்

பிரமசரியம், கிருகஸ்தம், வானப்பிரஸ்தம், சந்நியாசம் என்று மனித வாழ்க்கையை நான்காக வகுத்துத் தந்த நம் முன்னோர்கள், முதலாவதற்கும் இரண்டாவதற்கும் நடுவே பின்னாளில் ஐந்தாவதாக ஓர் ஆசிரமம் முளைக்கும் என்பதையும், அதில் பிரவேசித்தவர் எளிதில் வெளியே வரமாட்டார் என்பதையும் எதிர்பார்த்திருக்க நியாயமில்லை. கணினி அறிவியலில் முதுநிலைப் பட்டம் பெறும்பொருட்டு ஆய்வேட்டை எழுதி முடித்துக்கொண்டிருக்கும் ஆசிரமம் அது. முடிக்கப் போகிறவர் என்று எதிர்காலத்திலும் தள்ள முடியாமல், முடித்தவர் என்று இறந்தகாலத்திலும் சேர்க்க முடியாமல், சதா நிகழ்காலத்திலேயே நிலைபெற்றுவிட்ட இந்த ஆசிரமவாசியைப் பரீட்சை எழுதும் சாதாரண மாணவரோடு ஒன்றாக எண்ணிவிடக் கூடாது. பரீட்சைக்கு ஒரு மணி உண்டு; மணி அடித்ததும் விடைத்தாளைப் பிடுங்கிக்கொள்ள ஒரு மனிதர் உண்டு. ஆய்வேட்டுக்கு அப்படிப்பட்ட உபகாரி கடைசிப் பதினைந்து நாள் வரைக்கும் தலைகாட்டுவதில்லை.

இந்த இனத்தின் சகல லட்சணங்களும் பொருந்திய ஒருவரைக் காண விரும்புகிறவர்கள் கொச்சிக்கு வந்து வல்லார்பாடம் தீவுக்குப் போகலாம். எர்ணாகுளத்து உயர்நீதிமன்றச் சந்திப்பிலிருந்து கோஸ்ரீ பாலங்களின் வழியே சென்றால் முதலில் போல்காட்டி, அடுத்தது வல்லார்பாடம், அதற்கப்பால் வைப்பின். 2004-இல் அப்பாலங்கள் திறக்கப்படும் வரையில் படகை விட்டால் வேறு கதியில்லாதிருந்த தீவு அது. 2011 பிப்ரவரியில் சர்வதேச கண்டெய்னர் முனையம் அங்கே திறக்கப்பட்டதும், களமசேரியிலிருந்து சுமார் 17 கிலோமீட்டர் நீளத்துக்கு லாரிகளுக்கென்றே ஏற்பட்டதுபோன்ற நெடுஞ்சாலையொன்று நேரே அதன் வாசலில் வந்து நின்றது. அந்தச் சாலையின் ஒரு முனையில் துறைமுகம். மறுமுனையாகிய களமசேரியில், 1971-இல் நிறுவப்பட்ட கொச்சிப் பல்கலைக்கழகம். நம் நண்பர் படிப்பது அங்கேயா, அக்கம்பக்கத்துப் பொறியியல் கல்லூரி ஒன்றிலா என்று நாம் விசாரிக்கப் போவதில்லை. அவர் வாடகைக்கு இருப்பது துறைமுக முனையில் என்பதே நமக்கு முக்கியம்.

திருநெல்வேலிப் பக்கத்துப் பிள்ளையாகிய அவர், படிக்கும் இடத்தை விட்டு இவ்வளவு தூரத்தில் ஓர் அம்மச்சியின் வீட்டு மாடியறையைப் பிடித்ததற்குச் சாஸ்திரீயமான காரணம் இருக்கிறது. லாரியில் போகும் கண்டெய்னரைப் படமெடுத்து அதன் எண்ணைத் தானாகவே வாசிக்கும் நிரல்தான் அவருடைய ஆராய்ச்சி. கண்டெய்னர் எண் என்பது கண்டபடி எழுதுவதன்று: நான்கு எழுத்துகள், ஆறு இலக்கங்கள், கடைசியில் சரிபார்க்கும் இலக்கம் ஒன்று என்று உலகம் முழுவதற்கும் ஒரே விதி உண்டு. முதல் பத்தையும் ஒரு கணக்கில் போட்டுப் பார்த்தால் பதினோராவது வரவேண்டும். வராவிட்டால் எங்கேயோ பிழை என்று அர்த்தம். இத்தகைய சரிபார்க்கும் இலக்கமொன்று நண்பர் தம் கைடுக்கு அனுப்பும் வாட்ஸப் செய்திகளின் கடைசியிலும் இருந்திருக்குமானால், உலகத்தில் எவ்வளவோ மனக்கசப்பு நேராமல் போயிருக்கும்.

படமெடுக்கும் படலம் உற்சாகமாகவே தொடங்கியது. ஆனால் அவர் கேமராவோடு சாலையோரத்தில் நின்றது இடவப்பாதி மழைக்காலம். சேறு தெறித்த கண்டெய்னர்களில் மூன்று என்பது எட்டாகவும், எட்டு என்பது கறையாகவும் தெரிந்தன. நிரலோ, லாரிகளை அலட்சியம் செய்துவிட்டு, பின்னால் இருந்த தட்டுக்கடையின் விலைப்பலகையை மிகுந்த சிரத்தையோடு வாசித்து, பொரோட்டா–முட்டைக்கறி என்னும் பெயரில் ஒரு கப்பல் கம்பெனி இருப்பதாக அறிவித்தது. நண்பர் மனம் தளரவில்லை. நிரலைத் திருத்துவதற்கு முன் இத்துறையில் வெளிவந்துள்ள கட்டுரைகளையெல்லாம் படித்துவிடுவது உத்தமம் என்று தீர்மானித்தார்.

அங்கேதான் துறைமுகத்தின் சகவாசம் அவரைப் பிடித்துக்கொண்டது. வல்லார்பாடம் முனையத்தின் பிரதான நோக்கம் டிரான்ஷிப்மென்ட். அதாவது, ஒரு கப்பலில் வந்த பெட்டியை இறக்கி, வரிசையில் அடுக்கி, வேறொரு கப்பலில் ஏற்றி அனுப்புவது. பெட்டிக்குள் இருப்பது முந்திரிப்பருப்பா, மோட்டார் உதிரிபாகமா என்று அங்கே யாரும் திறந்து பார்ப்பதில்லை. நண்பரின் மடிக்கணினியிலும் இதே தொழில்தான் நடந்தது. இணையத்திலிருந்து இறங்கிய கட்டுரைகள் முதலில் "படிக்க வேண்டியவை" என்னும் உறையில் அடுக்கப்பட்டு, பிறகு "முக்கியம்" என்பதற்கு மாற்றப்பட்டு, அங்கிருந்து "மிக முக்கியம்" என்பதற்கு ஏற்றப்பட்டு, வைரஸ் பயத்தால் ஒரு பென்டிரைவுக்கும் பெயர்க்கப்பட்டன. இந்த நீண்ட யாத்திரையில் ஒன்றேனும் திறக்கப்பட்டதாகத் தகவல் இல்லை.

கீழே குடியிருக்கும் அம்மச்சிக்கு இந்த உள்விவகாரங்கள் தெரியா. காலையில் புட்டும் கடலையும் கொடுக்கும்போதெல்லாம், "எந்தாயி மோனே, எழுதித் தீர்ந்நோ?" என்று பரிவோடு கேட்பார். "இப்போ தீரும் அம்மச்சி. டிரெயினிங் ஓடிக்கொண்டிருக்கு" என்பார் நண்பர், தமிழும் மலையாளமும் சமபங்காகக் கலந்த பாஷையில். ஓடிக்கொண்டிருக்கிறது என்பது பொய்யன்று. இலவசமாக இரவல் கிடைத்த தொலைதூரக் கணினியொன்றில் அவருடைய நிரல் இரவெல்லாம் ஓடும். அவர் கண்ணயர்ந்த நேரம் பார்த்து இணைப்பு அறுந்துபோகும். காலையில் முதலிலிருந்து மறுபடியும் ஓடும். இதைக் காட்டிலும் சௌகரியமான ஏற்பாடு சோம்பலுக்கு வாய்த்ததில்லை. வயலில் உழுகிறவன் உட்கார்ந்தால் ஏர் நின்றுவிடும். கணினிக்காரரோ படுத்துக்கொண்டிருக்கும்போதும் வேலை நடந்துகொண்டிருக்கிறது என்று மனச்சாட்சிக்கு விரோதமில்லாமல் சொல்லலாம்.

எப்போதுதான் முடியும் என்று யாராவது வற்புறுத்தினால், அதற்கும் சாஸ்திரப் பிரமாணம் வைத்திருந்தார். ஒரு நிரல் ஓடி முடியுமா, முடியாமலே சுழலுமா என்பதை எல்லா நிரல்களுக்கும் பொதுவாகக் கண்டறியும் முறை ஒன்று இருக்கவே முடியாது என்று ஆலன் டூரிங் 1936-இலேயே நிரூபித்துவிட்டாராம். அப்படியிருக்க, தம்மைப் போய்த் தேதி கேட்பது அறியாமையாம். அதே டூரிங் அந்த வருஷம் பிரின்ஸ்டனுக்குப் போய், 1938-இல் டாக்டர் பட்டத்தையும் வாங்கிக்கொண்டு ஊர் திரும்பிவிட்டார் என்னும் உபகதையை மட்டும் நண்பர் சொல்வதில்லை.

ஜீவசரித்திரங்களைத் தமக்கு அனுகூலமாகத் தெரிந்தெடுப்பதில் அவர் சமர்த்தர். லினக்ஸைப் படைத்த லினஸ் டோர்வால்ட்ஸ், 1988-இல் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, முதுநிலை ஆய்வேட்டை 1997-இல்தான் கொடுத்தார் என்பது அவருக்கு மனப்பாடம். டோர்வால்ட்ஸ் அந்த இடைவெளியில் உலகத்துக்கு ஓர் இயங்குதளத்தை வழங்கினார். நம் நண்பர் அதே இயங்குதளத்தைத் தம் மடிக்கணினியில் அழித்து அழித்து மறுபடி நிறுவினார். இருவர் செய்ததும் இயங்குதளத் திருப்பணிதான் என்று சமாதானம் கொள்ளலாம். ஆனால் கிளாட் ஷானனின் பெயரை மட்டும் அவர் முன்னிலையில் எடுக்கக் கூடாது. மின்சுவிட்சுகளின் இணைப்புக்கும் தர்க்கத்தின் இயற்கணிதத்துக்கும் உள்ள உறவைக் காட்டி, இன்றைய கணினிக்கெல்லாம் அஸ்திவாரமிட்ட முதுநிலை ஆய்வேட்டை ஷானன் எழுதியது 1937-இல். அப்போது அவருக்கு வயது இருபத்தொன்று. வயதுக்கு வந்த பிள்ளைகள் உள்ள வீட்டில் அடுத்த வீட்டுப் பிள்ளையின் சம்பளத்தைச் சொல்வது எவ்வளவு அநாகரிகமோ, அவ்வளவு அநாகரிகம் இந்தச் செய்தி.

எழுத்து வேலை அறவே நடக்கவில்லை என்று சொன்னால் அபாண்டமாகும். தலைப்புப் பக்கம் என்றைக்கோ தயாராகிவிட்டது, அதுவும் லேடெக்கில். எழுத்துக்கும் எழுத்துக்கும் உள்ள இடைவெளி, ஓரத்தில் விடும் வெற்றிடம், அத்தியாயத் தலைப்பின் கீழ்க்கோடு இவற்றின் பொருட்டு அவர் கண்விழித்த இரவுகளில் பாதியை உள்ளே எழுத வேண்டிய சங்கதிக்குச் செலவிட்டிருந்தால் இந்தச் சித்திரத்துக்கு விஷயமே கிடைத்திராது. இதற்கும் முன்னோடி உண்டு. டொனால்ட் நூத் என்னும் மகாபண்டிதர், 1977-இல் தம் நூலின் இரண்டாம் தொகுதியை மறுபதிப்புக்காக அச்சுக் கோத்து வந்த படிகளைப் பார்த்து, எழுத்தின் அவலட்சணத்தைச் சகிக்கமாட்டாமல், அச்சுக் கோப்பதற்கே ஒரு நிரல் எழுதப் புகுந்தார். சீக்கிரமே முடித்துவிடுவதாக நினைத்த அந்த டெக் என்னும் நிரல் அவருடைய ஆயுளில் பத்து வருஷங்களை விழுங்கிற்று. மூன்றாம் தொகுதி வெளிவந்தது 1973-இல். நான்காம் தொகுதியின் முதற்பாகம் கெட்டி அட்டையோடு வந்ததோ, வல்லார்பாடத்தில் முனையம் திறந்த அதே 2011-இல். அந்த டெக்கின் மேல் எழுப்பப்பட்டதுதான் லேடெக். ஆக, பிறந்ததிலிருந்தே முக்கியமான வேலையைத் தள்ளிப்போடுவதற்குப் பயன்பட்டு வரும் கருவி, நண்பரின் கையில் மட்டும் எப்படி வேறுவிதமாக நடந்துகொள்ளும்?

கைடுக்கும் அவருக்கும் இருந்த உறவு பரஸ்பர மரியாதையின்மேல் எழுந்தது. வராந்தாவின் ஒரு கோடியில் சார் தென்பட்டால் மறுகோடியில் நண்பர் மரியாதையாக மறைந்துவிடுவார். தப்ப முடியாமல் அகப்பட்ட நாட்களில், "நாலாவது சேப்டர் கிட்டத்தட்ட முடிஞ்சது சார்; ரிசல்ட்டை மட்டும் சேர்க்கணும்" என்பார். ரிசல்ட் இல்லாத நாலாவது சேப்டரில் மிச்சம் என்ன இருக்கும் என்பது சாருக்குத் தெரியும். அவரும் ஒரு காலத்தில் முடித்துக்கொண்டிருந்தவர்தாமே! ஊரிலிருந்து வரும் தொலைபேசியில்தான் இந்தத் தயை கிடைக்காது.

"என்னய்யா, தீசிஸ் முடிஞ்சிட்டா?" என்று தாயார் கேட்பார்.

"தொண்ணூறு பெர்சென்ட் முடிஞ்சிட்டும்மா."

"போன பொங்கலுக்கும் இதைத்தானல சொன்னே!" என்று பின்னணியிலிருந்து தகப்பனார் குரல் வரும். "மிச்சப் பத்துல நீ என்ன அணையா கட்டுதே?"

இவ்விதமாக நாலாபுறமும் நெருக்கடி முற்றியபோது நண்பருக்குப் பக்தி உண்டாயிற்று. வல்லார்பாடத்துப் பசிலிக்கா, சிறைப்பட்டோரை மீட்கும் அன்னையின் பெயரால் விளங்குவது. 1752-இல் காயலில் புயலடித்துப் படகு கவிழ, மீனாட்சியம்மா என்னும் நாயர் பெண்மணி கைக்குழந்தையோடு நீரில் மூழ்கி, வல்லார்பாடத்தம்மாவை வேண்டிக்கொண்டு, மூன்றாம் நாள் உயிரோடு மீண்டார் என்றும், பிறகு அந்த ஆலயத்தின் முற்றத்தைப் பெருக்கிக்கொண்டே தம் காலத்தைக் கழித்தார் என்றும் ஐதிகம். இன்றைக்கும் ஜாதிமத வித்தியாசமின்றி வருகிறவர்கள் துடைப்பத்தை எடுத்து முற்றத்தைப் பெருக்குவது அங்கே முக்கியமான நேர்த்திக்கடன். மூன்றாம் நாளே கரையேறும் மார்க்கம் இருக்கிறது என்று அம்மச்சி எடுத்துச் சொன்னதன்பேரில் நண்பர் தினந்தோறும் போய்ப் பெருக்கலானார். பக்தியில் குறைவில்லை; ஆனால் பெருக்கி முடிந்த பகுதியையே திரும்பவும் பெருக்கிக்கொண்டு, அறைக்குத் திரும்ப மனமில்லாமல் நின்ற அவரைக் கண்டு மற்றப் பக்தர்கள் சற்றே வியப்படைந்தார்கள்.

கடைசித் தேதி என்னும் அந்த உபகாரி ஒருவழியாக வந்து சேர்ந்ததும் களமசேரியிலிருந்து நான்கு சிநேகிதர்கள் ஒத்தாசைக்குப் புறப்பட்டு வந்தார்கள். காலந்தாழ்ந்த மென்பொருள் வேலையில் புதிதாக ஆட்களை நுழைத்தால் தாமதம் அதிகரிக்குமே தவிரக் குறையாது என்று ஃபிரெட் புரூக்ஸ் 1975-இல் எழுதிய புத்தகத்தில் எச்சரித்திருக்கிறார். அதைப் பாடமாகப் படித்துப் பரீட்சையில் மதிப்பெண்ணும் வாங்கிய அந்த நால்வருக்கும் நிலைமையை விளக்கிச் சொல்வதில் முதல் நாளும், பிரியாணி வரவழைப்பதில் இரண்டாம் நாளும் சென்றன. மூன்றாம் நாள் அவர்களை வண்டியேற்றிவிட்டு நண்பர் தனியே உட்கார்ந்தார். அப்புறம் நடந்ததை அதிசயம் என்றே சொல்ல வேண்டும். இரண்டு வருஷங்களாக அசையாத அத்தியாயங்கள் பத்தே இரவுகளில் நடந்தன, ஓடின, பறந்தன. தட்டுக்கடைப் பலகை கச்சிதமாக வெட்டி எறியப்பட்டது. நிரல் மூன்றை மூன்றென்றும் எட்டை எட்டென்றும் பெரும்பாலும் வாசித்தது. வாசிக்காத இடங்கள் "எதிர்கால ஆராய்ச்சி" என்னும் விசாலமான அத்தியாயத்தில் அடைக்கலம் புகுந்தன.

எஞ்சியது ஒப்பீட்டுச் சோதனை. பிறர் எழுத்தோடு பத்து சதவீதம் வரை ஒத்திருந்தால் பாதகமில்லை. அதற்குமேல் நாற்பது வரையில் ஆறு மாதத்துக்குள் திருத்தித் தரவேண்டும். அறுபதைத் தாண்டினால் பதிவே ரத்து என்பது பல்கலைக்கழக மானியக் குழு 2018-இல் வகுத்த விதி. முகவுரையையும் நன்றியுரையையும் இந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்று அவ்விதி தீர்க்கதரிசனத்தோடு கூறியிருக்கிறது. இறைவன், கைடு, துறைத்தலைவர், பெற்றோர், நண்பர்கள் என்று அதே வரிசையில் அதே வார்த்தைகளில் நாடு முழுவதும் எழுதப்பட்டு வரும் நன்றியுரையைச் சேர்த்திருந்தால், பாரதத்தில் ஒருவரும் பட்டம் பெற்றிருக்க மாட்டார்கள். நண்பர் ஒன்பதில் தேறினார். பைண்டிங் கடையில் கெட்டி அட்டையில் பொன்னெழுத்துப் பதிந்தது. வைவாவில் வெளியூர்ப் பரீட்சகர் கடைசிப் பக்கங்களைப் புரட்டி, மேற்கோள் பட்டியலில் தம்முடைய கட்டுரை இருப்பதைக் கண்டு திருப்தியுற்று, இரண்டே கேள்விகளோடு ஆசீர்வதித்து அனுப்பினார்.

மறுநாள் காலையில் நண்பர் வேறொரு மனிதராக எழுந்தார். மாடியறையைக் காலி செய்ய வேண்டிய நேரத்தில், அதை வாடகைக்குப் பிடிக்க வந்த ஜூனியர் பையனை எதிரே உட்காரவைத்து, "எதையும் கடைசிவரை தள்ளக் கூடாதுடா தம்பி. முதல் செமஸ்டர்லேயே எழுத ஆரம்பிச்சிடணும். தினம் ஒரு பக்கம் போதும், பிளானிங்தான் எல்லாம்" என்று ஒரு மணி நேரம் உபதேசித்தார். பையன் கண்கள் பனிக்கக் கேட்டான். முடிவில் அவன் கையில், "மிக முக்கியம்" என்னும் உறை பத்திரமாக அடங்கிய அந்தப் பென்டிரைவையும் நண்பர் ஒப்படைத்தார். அவன் அன்றிரவே அதைத் தன் மடிக்கணினியில் ஏற்றி, "அப்புறம் படிக்க வேண்டியவை" என்று பெயரிட்டு வைத்தான்.