வாத்துக் கூட்டத்தின் தலைவி

கோத்தன்பர்க், ஸ்வீடன்
மார்கழி மாதம்

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லாரும் சௌக்கியம். எல்லாரும் என்றால் நானும், ஜன்னலோரம் உயிரைப் பிடித்துக்கொண்டிருக்கும் கறிவேப்பிலைச் செடியும்தான். "அங்கே போய் ஏதாவது படிக்கிறாயா, இல்லை சம்பளம் மட்டும் வாங்குகிறாயா?" என்று கேட்டிருந்தாய். படிக்கிறேன். பாதி கண்ணால், பாதி காதால். காதால் கேட்டதெல்லாம் படிப்பில் சேராது என்று நீ மூக்கைச் சுளிப்பது இங்கிருந்தே தெரிகிறது. கொஞ்சம் பொறு.

இந்த ஊரில் டிசம்பரில் மத்தியானம் மூன்றரைக்கே இருட்டிவிடுகிறது. டிராமில் யாரும் யாரோடும் பேசுவதில்லை. செங்கல்பட்டில் பீச் வண்டி ஏறினால், தாம்பரம் வருவதற்குள் எதிர் சீட்டு அம்மாவின் மகளுக்கு வந்த வரன்வரை நமக்குத் தெரிந்துவிடும். இங்கே வருடக்கணக்காக என் பக்கத்தில் உட்கார்ந்து வருகிறவர் பெயர்கூடத் தெரியாது. எல்லார் காதிலும் ஏதாவது ஒன்று ஓடிக்கொண்டிருக்கிறது. ஸ்டோரிடெல் என்ற ஒலிப்புத்தகக் கம்பெனி 2005-ல் இந்த நாட்டில்தான் பிறந்தது. 2017-ல் நம் நாட்டுக்கும் வந்தது. பேச ஆளில்லாத ஊரில் இந்த வியாபாரம் நடக்காமல் எங்கே நடக்கும்?

நானும் காதில் மாட்டினேன். கல்கியின் 'சிவகாமியின் சபதம்', பாம்பே கண்ணன் குழுவினர் பல குரல்களில் செய்தது. ஆயனர் ஒரு குரல், மகேந்திரவர்மர் ஒரு குரல், நாகநந்திக்கு முதுகு சில்லிடும் ஒரு குரல். ஆபீஸ் தோழி ஒருத்தி எதையும் ஒன்றரை மடங்கு வேகத்தில்தான் கேட்பாள். அவள் பேச்சைக் கேட்டு நானும் வேகத்தைக் கூட்டினேன். நாகநந்தி அடிகள் நம்ம பஸ் ஸ்டாண்டில் "தாம்பரம் தாம்பரம்" என்று கூவுகிற கண்டக்டர் மாதிரி ஆகிவிட்டார். இப்படிப்பட்டவரைப் பார்த்துப் பல்லவ ராஜ்ஜியம் ஏன் நடுங்க வேண்டும்? உடனே பழைய வேகத்துக்குத் திரும்பிவிட்டேன்.

ஒரு சனிக்கிழமை ராத்திரி காஞ்சிக் கோட்டைக் கதவை அடைக்கும் கட்டத்தில் கண் அசந்துவிட்டது. விழித்துப் பார்த்தால் முற்றுகையே முடிந்திருக்கிறது! காஞ்சி முற்றுகை முழுவதையும் தூங்கியே கழித்த பல்லவப் பிரஜை நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். இன்னொரு நாள் டிராமில் என்னையும் அறியாமல் "அடப்பாவி!" என்று கத்திவிட்டேன். பக்கத்து சீட்டுக்காரர் எழுந்து வேறு சீட்டுக்குப் போனார். இத்தனை வருடத்தில் எங்களுக்குள் நடந்த முதல் உரையாடல் அது.

சரி, உன் ஆட்சேபணைக்கு வருகிறேன். நம்ம ஆயாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. திண்ணையில் உட்கார்ந்து, பைண்டு செய்த 'சிவகாமியின் சபத'த்தை நீதான் அவளுக்கு வாசித்துக் காட்டினாய். ஒரு எழுத்துத் தெரியாமலே நாகநந்திக்குச் சாபம் விட்டாளே, அவள் அந்த நாவலைப் படிக்கவில்லை என்று சொல்லிவிடுவாயா? அதோடு இப்போது இன்னொன்றும் வெளிச்சத்துக்கு வந்திருக்கிறது. நீ வாசித்தபோது ஏரி, வயல், நிலா வர்ணனையெல்லாம் என் காதில் விழவே இல்லை. முழுசாகக் கேட்கும்போதுதான் தெரிகிறது, எத்தனை பக்கங்களை நீ தாண்டிப் போயிருக்கிறாய் என்று. ஆயாவை ஏமாற்றியதற்கு மேலுலகத்தில் கணக்கு இருக்கிறது.

ரசிகமணி டி.கே.சி.யோடு மாமல்லபுரம் கடற்கரையில் உட்கார்ந்திருந்தபோதுதான் இந்தக் கதை மனதில் விழுந்தது என்று கல்கி முன்னுரையில் சொல்கிறார். அதே மணலில் நாம் எத்தனை ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்திருப்போம்! நமக்கு மனதில் விழுந்ததெல்லாம் கடைசி வறுத்த மீன் துண்டு யாருக்கு என்ற சண்டைதான்.

ஸ்வீடிஷ் பழக ஒரு புத்தகம் கேட்கிறேன். அதை முக்கால் வேகத்தில் ஓட்டினால்தான் எனக்கு ஏதாவது புரிகிறது. செல்மா லாகர்லெவ் எழுதியது. 1909-ல் இலக்கிய நோபல் வாங்கிய முதல் பெண். பள்ளிப் பிள்ளைகளுக்குப் பூகோளம் சொல்லித்தர ஒரு புத்தகம் எழுதித் தாருங்கள் என்று ஆசிரியர் சங்கம் கேட்க, இந்த அம்மா ஒரு பொல்லாத பையனைக் கட்டைவிரல் அளவுக்குச் சுருக்கி, வாத்து முதுகில் ஏற்றி நாடு முழுக்கப் பறக்கவிட்டார். வேடந்தாங்கலை வைத்து இப்படி ஒன்று நமக்குப் பாடமாக வந்திருந்தால், பூகோளத்தில் நான் வாங்கிய மார்க்கை அப்பாவிடம் மறைக்க வேண்டி வந்திருக்காது. பழைய இருபது குரோனர் நோட்டில் ஒரு பக்கம் எழுத்தாளர், மறுபக்கம் வாத்தின் மேல் அந்தப் பையன்!

அந்தக் கதையில் காட்டு வாத்துக் கூட்டம் ஒன்றை அதட்டி மேய்க்கிற கிழத் தலைவி ஒருத்தி வருகிறாள். கண்டிப்பானவள், யாரையும் எளிதில் நம்பமாட்டாள், சொன்ன நேரத்துக்குப் புறப்படாவிட்டால் தொலைந்தோம். அவள் பெயர் அக்கா. சத்தியமாக! புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது.

கண்ணால் படிப்பது ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி'. 1972-ல் வந்த நாவல். பாண்டியன் மெடானில் இருந்துகொண்டு மதுரைத் தெருக்களைக் கடை கடையாக நினைத்துப் பார்க்கிறான். இதைக் காதால் கேட்கக்கூடாது என்பது என் கட்சி. அந்த வேகத்துக்கு நின்று நின்று, திரும்பிப் போய்ப் படிக்க வேண்டும். (பார், உன் பக்கமும் ஒரு மார்க் போட்டுவிட்டேன்.) என் பிரதியில் அம்மா கட்டிக்கொடுத்த ஆவக்காய் எண்ணெய் இறங்கி, நடுவில் சில பக்கங்கள் ஒட்டிக்கொண்டுவிட்டன. யாராவது இந்தப் பக்கம் வந்தால் வேறு பிரதி கொடுத்தனுப்பு. ஊறுகாயைத் தனிப் பையில் வை.

கடைசியாக ஒன்று. அம்மா தினமும் சமையலை முடித்துவிட்டுப் பதினொன்றரைக்குப் போன் போடுகிறாள். இங்கே அது காலை ஏழு மணி, நான் டிராமில் இருப்பேன். சிவகாமியின் கதை இப்போது நாலாம் பாகத்தில் இருக்கிறது. இந்த வாரம் மட்டும் பன்னிரண்டரைக்குக் கூப்பிடச் சொல். பதினொன்றரைக்கு வாதாபி எரிந்துகொண்டிருக்கும்.

அன்புடன்,
உன் தங்கச்சி